காகித மாப்பிள்ளை

காகித மனிதன் லிஃப்டுக்குள் அடங்கவில்லை. தலையை உள்ளே விட்டால் கால் வெளியே நின்றது. காலை மடக்கினால் மூங்கில் குச்சி முறிந்துவிடும் என்று தாள்கடைக்காரர் மோக் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர் தலைப்பக்கமும் பூய்ஷான் கால்பக்கமும் பிடித்து, வீடு மாற்றுகிறவர்கள் சோபாவைத் தூக்குகிற மாதிரி, படிக்கட்டு வழியாகவே கொண்டுபோனார்கள். ஹாங்காங்கின் ஹங்ஹாம் பக்கத்து இறுதிச் சடங்கு மண்டபங்களில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வாரம் ஒரு குடும்பம் காகித விமானத்தையே இந்தப் படியில் ஏற்றியது என்று மோக் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

தான் தூக்குவது யாரை என்று பூய்ஷானுக்கு இன்னும் தெரியாது. உருவத்தை வெள்ளைத் தாளால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அப்பாவோடு எரித்து அனுப்புவதற்காக அவள் சொல்லியிருந்ததெல்லாம் ஒரு வீடு, ஒரு கார், ஒரு ஜோடி வேலைக்காரர்கள், ஒரு மாஜாங் ஆட்டப் பெட்டி. அவையெல்லாம் காலையிலேயே வந்து உலைக்குப் பக்கத்தில் அடுக்கியாகிவிட்டது. இது தனி. போன குளிர்காலத்தில் அப்பாவே நேரில் வந்து சொல்லிவைத்துவிட்டுப் போனதாம்.

அப்பா சியூ பாக்லாம் எண்பத்தைந்து வயதில், காலைக் கஞ்சியை வழித்துக் குடித்துவிட்டு, வானொலியில் குதிரைப் பந்தயப் பேச்சைக் கேட்டபடி நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தவர். வலியில்லை, ஆஸ்பத்திரியில்லை. வழக்கப்படி வானம், பூமி, மனிதன் என்று ஆளுக்கொரு வயது சேர்த்து வாசல் பலகையில் எண்பத்தெட்டு என்று எழுதியிருந்தார்கள். அந்த வயதில் போகிறவரைச் சிரித்துத்தான் அனுப்ப வேண்டும். வந்தவர்கள் அதைக் குறைவில்லாமல் செய்தார்கள். முன்வரிசையில் பழைய மாஜாங் கூட்டாளிகள், அவர் ஆட்டத்தில் செய்த தில்லுமுல்லுகளை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். நீண்ட ஆயுசுக்காக வந்தவர்கள் எடுத்துப்போகிற சிவப்புக் கிண்ணங்கள் அதற்குள் பாதி காலி. அப்பாவின் தங்கை யுக்ஹா அத்தை தன் பங்குக்குச் சிலவற்றைக் கைப்பையில் அமுக்கிவிட்டு, இன்னொன்றுக்கு நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள்.

பூய்ஷானும் காலையிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஆறவில்லை. தன் கணவன் கின்ஹாங்கை அப்பா ஒரே ஒரு தடவை, பேச்சுவாக்கிலாவது, மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். இனி எங்கே.

எல்லாவற்றுக்கும் மூலம் மரநாய்கள். சார்ஸ் வந்து ஹாங்காங்கே முகத்தை மூடிக்கொண்டு திரிந்த வருஷம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஷென்ஜென் சந்தையில் அப்பாவுக்குக் காட்டு விலங்குக் கடை இருந்தது. மரநாய், முள்ளம்பன்றி, மூங்கில் எலி. குளிர் தொடங்கினால் உணவகக்காரர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். கல்லாவில் பூய்ஷான். நோய் கொஞ்சம் அடங்கிய சமயத்தில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் பனிப்பெட்டியும் கையுமாக வந்து நின்றார்கள். இந்த வைரஸ் மனிதனுக்கு எந்த விலங்கிடமிருந்து வந்தது என்று தேடுகிறார்களாம். மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

மற்றக் கடைக்காரர்கள் முகம் கொடுக்கவில்லை. அப்பா மட்டும் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தன் சரக்கு சுத்தம் என்று படித்தவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அதைக் கடை முகப்பில் எழுதிப் போட்டுவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. வந்தவர்களில் இளையவன் கின்ஹாங். மரநாயைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, கையுறையோடு சேர்த்துக் கடி வாங்கினான். அப்பா அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தானே பிடரியைப் பற்றி ஒவ்வொன்றாக நீட்டினார். அதுவும் எப்படி, இருப்பதிலேயே கொழுகொழுவென்று, கண் பளபளவென்று இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கி.

அந்தக் கொழுகொழுத்த மரநாய்களின் மூக்கிலிருந்துதான் வைரஸ் கிடைத்தது. அடுத்த குளிர்காலத்தில் மரநாய் விற்கக் கூடாது என்று உத்தரவு வந்து, கடையிலிருந்த உயிர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ‘நான் பிடிச்சுக் கொடுத்தேன், அவன் என் கடையையே பிடிச்சுக்கிட்டுப் போயிட்டான்’ என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கிடையில், கடிபட்ட கைக்கு மருந்து போட்டவள் பூய்ஷான். காயம் ஆறியும் மருந்து போடுவது நிற்காமல், இரண்டு வருஷம் இழுத்துக் கல்யாணத்தில் போய் முடிந்தது. மணநாளன்று கின்ஹாங் மண்டியிட்டு நீட்டிய தேநீரை அப்பா வாங்கி ஒரு வாய் குடித்தார். சூடு பற்றாது என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கின்ஹாங்குக்குப் பெயர் மூக்குக்குச்சி. மூக்குக்குச்சி வந்தாச்சா என்பார், மூக்குக்குச்சிக்கு இன்னும் கொஞ்சம் மீன் வை என்பார். கேட்கும்போதெல்லாம் பூய்ஷான் சோற்றுக் கிண்ணத்தை நங்கென்று மேஜையில் வைப்பாள். கின்ஹாங் மீனைச் சாப்பிடுவான்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு வேலை இருந்தது. சந்தைக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, அந்த வைரஸ் அப்பாவுக்குள்ளும் எப்போதோ வந்து, ஒரு தும்மல்கூடப் போடவைக்காமல் தோற்றுப்போயிருந்தது தெரிந்தது. அதை அடித்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் எவ்வளவு காலம் தங்கும் என்று பார்க்க வருஷாவருஷம் கொஞ்சம் ரத்தம் வேண்டும். குளிர்காலத் திருநாள் விருந்துக்கு உட்காரும் முன் அப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மேஜைமேல் நீட்டுவார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை எடுத்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன், கின்ஹாங் குத்தும்போது மட்டும், ‘பாத்து, இது உன் மரநாய் இல்லை’ என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஊரையே உலுக்கின வைரஸ் தன்னிடம் வாலாட்ட முடியவில்லை என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

பிறகு கொரோனா வந்து, அப்பாவும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கின்ஹாங் ஆய்வகத்திலிருந்து நேரே மாமனார் வீட்டுக்கு ஓடிவந்தான். பழையதை, புதியதை, வௌவால்களிடம் இருக்கிற அதன் பங்காளி வைரஸ்களைக்கூட அந்த ரத்தம் மடக்குகிறது என்று, ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னான். அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்னே, யார் ரத்தம்,” என்றார்.

மண்டபத்தில் மோக் முதலில், அப்பா சொல்லிவைத்ததில் லிஃப்டில் அடங்கி வந்திருந்த இன்னொரு பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு கடை. தகரக் கூரை, பலகை, அடுக்கடுக்காய்க் கூண்டுகள், கம்பி வழியே எட்டிப் பார்க்கிற காகித மரநாய்கள், முகத்தில் வெள்ளைக் கோட்டோடு. மாஜாங் கூட்டாளிகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, கிழவன் போகிற இடத்திலும் கல்லாவை விடமாட்டான் என்றார்கள். பூய்ஷான் குனிந்து உள்ளே பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு முக்காலி இருந்தது. அவள் உட்கார்ந்த முக்காலி.

பிறகு ஆளைச் சுற்றியிருந்த தாளை மோக் உருவினார். வெள்ளை மேலங்கி. மூக்குக்கண்ணாடி. வலது கையில் பஞ்சுக் குச்சி, இடது கையில் நீலப் பனிப்பெட்டி. கொஞ்சம் விடைத்த காது, ஒரு பக்கமாகச் சாய்ந்த மூக்கு.

“எங்கப்பாவுக்கு முடியைத் தாராளமா வெச்சிருக்காங்க,” என்றாள் பூய்ஷானின் மகள் சுன்யீ, வாயைப் பொத்திக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான் கின்ஹாங் வந்தவர்களுக்குக் கொடுக்கத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தான். மோக் அவனைப் பார்த்தார், காகித ஆளைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார்.

“இவர் உயிரோட இருக்காரா?” என்றார்.

“ஏன், இருக்கக் கூடாதா?” என்றான் கின்ஹாங்.

காகித ஆளின் நெஞ்சில் ஒரு மஞ்சள் தாள் துண்டு ஒட்டியிருந்தது. அனுப்புகிற ஆளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது வழக்கம். அப்போதுதான் போய்ச் சேர்ந்தவர் அங்கே கூப்பிட்டு வேலை வாங்க முடியும். அந்தத் துண்டில் கறுப்பு மையால் எழுதியிருந்ததைப் பூய்ஷான் படித்தாள். மாப்பிள்ளை.

யுக்ஹா அத்தை கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். உயிரோடு நடமாடுகிறவனின் உருவத்தை நெருப்பில் போடுவதா, அதுவும் பெயர் ஒட்டி, அதுவும் இருப்பது ஒரே மாப்பிள்ளை, அங்கே போய்ச் சேர வேண்டியது யார் என்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா என்று கேட்டாள். கடையை மூடினதுக்கு அண்ணன் கடைசியாக வைத்த வேட்டு இது என்றும் சொன்னாள்.

பூய்ஷானுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் போன வசந்தத்தில்தான் கின்ஹாங்குக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. நம்பிக்கையில்லை என்கிற துணிச்சலெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவளை விட்டுப் போயிருந்தது. அதைவிட மோசம், இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை கண்ணெதிரே ஒட்டியிருக்கிறது, அது பாசமா பழியா என்று தெரியவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை, கிழித்துப் போடவும் கை வரவில்லை.

“அப்பா என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லுங்க,” என்று மோக்கிடம் கேட்டாள்.

மோக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். அப்பா கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாராம். காது சரியில்லை, மூக்கு சரியில்லை என்று மறுபடி மறுபடி செய்யவைத்தாராம். பனிப்பெட்டி நீலமாக இருந்தே ஆக வேண்டுமாம்.

“கடையும் வேணும், கடையை மூடினவனும் வேணும்னார். அவர் எதுக்குங்கன்னு கேட்டேன். ‘அங்கயும் எவனாவது வந்து மூக்குல குச்சி விடுவான், கையில ஊசி குத்துவான். தெரியாதவன் குத்தறதுக்கு என் மாப்பிள்ளையே குத்தட்டும். அவன் குத்தினா நோகாது’ன்னார்.” மோக் கொஞ்சம் தயங்கினார். “அவ்வளவு ஆசையாச் சொன்னார்மா. அதனாலதான் மாப்பிள்ளை முன்னாடியே போயிட்டார் போலன்னு நினைச்சுட்டேன். உயிரோட இருக்கிற மாப்பிள்ளையைப் பத்தி யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.”

கின்ஹாங் தேநீர்த் தட்டை மகளிடம் நீட்டினான். சுன்யீ வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

“அப்படியே போடலாம். பேரோட,” என்றான் கின்ஹாங்.

முடியாது என்றாள் பூய்ஷான். தாளும் மூங்கிலும் எரிந்தால் தன் இதயத்துக்கு என்ன ஆகும் என்று அவன் கேட்டான், வகுப்பெடுக்கிற குரலில். ஒன்றும் ஆகாது என்று அவளுக்கும் தெரியும், இருந்தாலும் முடியாது. வெள்ளைத் துக்க உடையில் புருஷனும் பெண்டாட்டியும் உலைக்கு முன்னால் நின்று சண்டை போடுவதைச் சொந்தமெல்லாம் வேடிக்கை பார்த்தது.

“உங்கப்பா இத்தனை வருஷத்துல என்னைக் கூப்பிட்டதே ஒரு தடவைதான். வரமாட்டேன்னு சொல்லச் சொல்றியா?” என்றான் அவன். குரல் வகுப்பெடுக்கிற மாதிரி இல்லை.

“கூப்பிட்டா உடனே கிளம்பிடுவியா? அப்புறம் எனக்கு யாரு இருக்கா?”

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக, அதுவும் அப்பாவுக்காக அல்ல.

சடங்கு நடத்த வந்த பூசாரி இளவட்டம். நரகத்தின் கதவை உடைத்துத் திறக்க வேண்டிய வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மாலையில் இரண்டாவது மாடியிலும் அவர் ஒரு கதவை உடைத்தாக வேண்டும். நடுவில் வந்து, காகித ஆளுக்கு ஒரு மாஸ்க் போட்டுவிடுங்கள் என்றார்.

“முகம் மறைஞ்சுட்டா யாருன்னு எவனுக்குத் தெரியும்? கொரோனா காலத்துல நான் எதிர்வீட்டுக்காரனையே அடையாளம் தெரியாம சுத்தினேன். பேரை மட்டும் மாத்திடுங்க. போறது இவர் வேலைதான், இவர் இல்லை.”

அத்தை கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று தலையாட்டினாள். மோக் கொண்டுவந்திருந்த மிச்சத் தாளில் ஒரு வெள்ளை மாஸ்க்கைக் கத்தரித்தார். மூங்கில் கட்டுகிற மெல்லிய கம்பியை அதன் மேல் விளிம்பில் வைத்து மடித்தார், காதில் மாட்ட நூல் கோர்த்தார். கட்டைவிரலை எச்சில் தொட்டு நெஞ்சிலிருந்த மஞ்சள் துண்டை அலுங்காமல் உரித்தெடுத்தார்.

புதுப் பெயர் என்ன என்று பூசாரி கேட்டார். பெயரில்லாமல் அனுப்பினால் அங்கே யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே ஓடிவிடுவானாம். கின்ஹாங் பூய்ஷானைப் பார்த்தான். பூய்ஷான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மூக்குக்குச்சி,” என்றாள். “அப்படிக் கூப்பிட்டாத்தான் அப்பாவுக்குத் தெரியும்.”

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு கூட்டாளிகள், சுன்யீ, கடைசியில் பூசாரியும். பக்கத்து மண்டபத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, கிண்ணம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கின்ஹாங் தூரிகையை வாங்கித் தன் கோணல் கையெழுத்தில் அந்தப் பெயரைத் தானே எழுதி ஒட்டினான்.

வாணலியில் மூட்டிய நெருப்பைத் தாண்டிக் குதித்து, வாளால் ஓடுகளை உடைத்து, பூசாரி அப்பாவுக்கு வழி திறந்துவிட்டார். வீடு போயிற்று, கார் போயிற்று, மாஜாங் பெட்டி போயிற்று. மரநாய்க் கடை நிமிஷத்தில் பற்றிக்கொண்டது. அடுத்தது ஆள். மோக் தூக்கப்போனபோது கின்ஹாங் ஒரு நிமிஷம் என்று தடுத்து, கிட்டே போய் உற்றுப் பார்த்தான்.

“இப்படி விட்டா மேலே காத்து ஒழுகும்,” என்றான். இரண்டு விரலால் காகித மூக்கின் இரு பக்கமும் கம்பியை அழுத்திப் பொருத்தினான். ஆய்வகத்துக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் செய்துவிடுவது அதுதான். பிறகு தானே தலைப்பக்கம் பிடித்துக்கொண்டான்.

“அப்பா, கடை வந்தாச்சு, ஆளும் வர்றான்,” என்று பூய்ஷான் உலையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வாங்கிக்கோங்க.”

மறுநாள் தகனம் முடிந்தது. தீட்டுக் கழிய, பொமலோ இலை போட்ட தண்ணீரில் எல்லாரும் கை கழுவினார்கள். குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து சாப்பிட்டது. அத்தை மீன் தலையை யாரும் கேட்பதற்கு முன்பே கின்ஹாங்கின் தட்டில் வைத்தாள். திரும்புகிற பஸ்ஸில் பூய்ஷானும் கின்ஹாங்கும் மேல்தட்டில் உட்கார்ந்தார்கள். முன்னிருக்கையில் சுன்யீ காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற மிட்டாயில் கின்ஹாங்கிடம் ஒன்று மிஞ்சியிருந்தது. வீடு போய்ச் சேருவதற்குள் அதைத் தின்றுவிட வேண்டும் என்பது வழக்கம். அவன் அதைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, சுரங்கப் பாதைக்குள் பஸ் நுழைவதற்கு முன்பே தூங்கிப்போனான்.

அவன் சட்டைப் பையில் ஆய்வக அடையாள அட்டை எப்போதும்போல் துருத்திக்கொண்டிருந்தது. அட்டைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு தாள் விளிம்பு தெரிந்தது. உரித்தெடுத்த பெயர்த் துண்டை மோக் உலையில் போட்டிருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்படிப்பட்டதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அத்தையைக் கேட்டால் சொல்வாள்.

பஸ் ஒரு வளைவில் சாய்ந்தது. அட்டை வழுக்கிப் பாதி வெளியே வந்தது. பூய்ஷான் அதை ஒரு விரலால் உள்ளே தள்ளி, பையின் பொத்தானைப் போட்டுவிட்டாள்.